சக்கரத்துக் கனம்

உதியன்குளங்கரையில் ரோட்டோரமாக ஒரு டயர் கடை. பெயர்ப்பலகை காற்றில் சாய்ந்துவிடாமல் இருக்க, பழைய இரும்பு ரிம் ஒன்றில் சிமெண்டை ஊற்றி, நடுவில் குழாயை நட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அண்மையில் அக்கா மகனின் காரில் திருவனந்தபுரம் போகிற வழியில் டயரில் ஆணி ஏறி, அந்தக் கடை வாசலில் உட்கார வேண்டியதாயிற்று. உள்ளே யாருடைய ட்யூபுக்கோ பழைய முறையில் சூடு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வெந்த ரப்பரின் மணம் மூக்கில் ஏறியதும், பலகைக்கு அடியில் கிடக்கும் ரிம் எந்த வண்டியுடையது என்று குனிந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, அம்பாசடர்.

அதற்குள் கடைப் பையன் எங்கள் காரின் சக்கரத்தைக் கழற்றியிருந்தான். பதினெட்டு இன்ச் அலாய் வீல். கறுப்பும் வெள்ளியுமாக மினுங்கியது. பையன் அதைத் தூக்க முயலவே இல்லை, உருட்டிக்கொண்டு போனான். பெரியப்பா இருந்திருந்தால் காரின் நிறத்தையோ விலையையோ கேட்டிருக்க மாட்டார். முதலில் அந்தச் சக்கரத்தைத்தான் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்திருப்பார்.

பெரியப்பாவுக்குப் பாறசாலை ஸ்டாண்டில் டாக்சி. கே.எல்.டி. என்று தொடங்கும் நம்பர், மேலே மஞ்சள், கீழே கறுப்பு. எங்கள் வீடு இஞ்சிவிளைப் பக்கம். கொஞ்ச தூரம் நடந்தால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த எங்கள் பேச்சு. பெண் எடுத்ததும் கொடுத்ததும் எல்லைக்கு இருபுறமும்தான். ஆகவே கல்யாணம், மறுவீடு, துட்டி என்று எதற்கும் ஒரு கார் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போயாக வேண்டும். அந்தக் கார் பெரும்பாலும் பெரியப்பாவுடையதாக இருக்கும்.

அம்பாசடரில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அந்நாளில் சட்டம் ஒன்று இருந்திருக்கும். எங்கள் ஊரில் அதை யாரும் கேட்டதில்லை. முன்னால் பெரியப்பாவோடு மூன்று பேர், பின்னால் நான்கு பெண்கள், அவர்கள் மடியில் பிள்ளைகள். கதவை வெளியிலிருந்து ஒருவர் தள்ளிப் பூட்ட வேண்டும். இதில் எனக்குப் பெரிய புதிர் ஒன்று இருந்தது. அப்படி அடைத்துத் திணித்துக்கொண்டு போகும்போது வண்டி அமைதியாகப் போகும். அமரவிளைப் பாலம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அவர்களை இறக்கிவிட்டு நானும் பெரியப்பாவும் மட்டும் திரும்பும்போது அதே ரோடு, அதே வண்டி, பின்பக்கம் குதி குதியென்று குதிக்கும்.

பெரியப்பா இந்தக் குணத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். அந்நாளில் எங்கள் பக்கத்தில் பெரிய நோய் என்றால் நெய்யூர் ஆஸ்பத்திரி. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல் வேலை பார்த்த இடம் அது. பாட்டி அவரைத் தன் சொந்தக்காரரைப் போலப் பேசுவாள். ஆபரேஷன் முடிந்தவர்களையும் பிரசவம் முடிந்த பெண்களையும் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும் என்றால் பெரியப்பாவைத்தான் தேடி வருவார்கள். தையல் போட்ட வயிற்றுக்கு ஒவ்வொரு குழியும் தனித்தனியாகத் தெரியும் என்பார் அவர். அப்படிப்பட்ட சவாரிக்குக் கிளம்பும்முன் டிக்கியில் இரண்டு மூட்டை மரச்சீனி ஏற்றுவார். மரச்சீனி இல்லாத நாளில் மணல். டயரில் காற்றையும் கொஞ்சம் இறக்குவார். பார்ப்பவர்கள் இவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாரா சந்தைக்குப் போகிறாரா என்று கேலி பேசுவார்கள்.

கனம் ஏற்றினால் வண்டி அடங்கும் என்பது இதிலிருந்து எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் இதே மனிதர், டயர் மாற்றும்போது மட்டும் கனத்துக்கு எதிரி ஆகிவிடுவார். லாரிக்காரர்கள் போடுவதுபோலத் தடித்த டயர் ஒன்றைக் கடைக்காரர் நீட்டினால், கையில் வாங்கி ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, “இது வேண்டாம், கனம் கூடுதலாக்கும்” என்று திருப்பிக் கொடுப்பார். ரிம்மில் காய்ந்து ஒட்டியிருக்கும் சேற்றைக்கூடக் கம்பியால் சுரண்டி எடுப்பார். டிக்கியில் மூட்டை மூட்டையாக ஏற்றுகிறவருக்குச் சக்கரத்தில் ஒரு கைப்பிடி மண் ஆகாது!

இந்த முரணை நான் கேட்டது பெரியப்பாவிடம் அல்ல, ஆசானிடம். குழித்துறையில் ஆற்றுக்கு இப்பால் ஒரு ஒர்க்ஷாப். மேலே ஓலைக்கூரை, கீழே ஆயில் ஊறிய கறுப்பு மண். இந்தப் பக்கத்தில் தலைமை மெக்கானிக்கை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். களரிக்கு ஒரு ஆசான், வைத்தியத்துக்கு ஒரு ஆசான், அம்பாசடருக்கும் ஒரு ஆசான். அவர் வண்டியின் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து, மல்லாந்த நிலையிலேயே என் கேள்வியைக் கேட்டார்.

“டிக்கியில கனம் ஏத்தினா வண்டி அடங்குதுல்லா. அப்போ வீலும் கனமா இருந்தா இன்னும் நல்லதுதானே, ஆசானே?”

“லே மக்கா, சந்தைக்கு அம்பது கிலோவைத் தலையில வச்சுக்கிட்டு ஒருத்தன் விறுவிறுன்னு நடந்து போறாம்லா? அவன் ரெண்டு கணுக்கால்லயும் ஒவ்வொரு கல்லைக் கட்டி வுடு. பொறவு எப்படி நடக்கான்னு பாரு.”

அவ்வளவுதான் சொன்னார். மீண்டும் வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். பின்னாளில் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கப் போன இடத்தில், ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் இரண்டு கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து நடுவில் ஸ்பிரிங்கைச் சுருட்டிக் காட்டினார். மேல் கட்டம் வண்டியின் உடல். அதில் நாம், நம் மூட்டைகள், இன்ஜின், ஸ்டெப்னி எல்லாம் அடக்கம். கீழ்க் கட்டம் சக்கரமும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் அச்சும் பிரேக்கும். ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள கனம், கீழே உள்ள கனம் என்று இரண்டாகப் பிரித்தால் வண்டி ஓட்டத்தின் பாதி சங்கதி தெரிந்துவிடும் என்றார். எனக்கு அது புதிய பாடமாகத் தோன்றவில்லை.

டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிறது, ஆகவே மரச்சீனி மூட்டை செய்யும் வேலையை அதுவும் கொஞ்சம் செய்கிறது. அதே சக்கரத்தைக் கழற்றி அச்சில் மாட்டினால், அந்த நிமிடமே அது அடக்கப்பட வேண்டிய கனம் ஆகிவிடுகிறது. ஒரு கல்லின்மேல் சக்கரம் ஏறும்போது அது மேல்நோக்கி வீசப்படுகிறது. சக்கரம் லேசாக இருந்தால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதைச் சட்டென்று பிடித்துத் திரும்ப ரோட்டில் அமர்த்திவிடும். கனமாக இருந்தால் கிளம்பிய வேகம் எளிதில் நிற்காது. அதை நிறுத்துவதற்குக் கொடுக்கும் விசை எல்லாம் வண்டியின் உடலைத்தான் மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் நம் முதுகுக்கு வந்து சேர்கிறது.

கணக்கும் இருக்கிறது. காரின் உடல் ஸ்பிரிங்கின்மேல் நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை மெல்ல ஏறி இறங்கும். சக்கரம் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை படபடக்கும். மனித உடலுக்கு மேலும் கீழுமான ஆட்டத்தில் மிகவும் பொறுக்க முடியாதது நொடிக்கு நான்கிலிருந்து எட்டு முறை வரையிலானது. வயிறு, மார்பு, முதுகெலும்பு எல்லாம் அந்த வேகத்தில்தான் கூடச் சேர்ந்து அதிரும். நல்ல கார் என்பது உடலின் ஆட்டத்தை இந்த எல்லைக்குக் கீழேயும் சக்கரத்தின் படபடப்பை இதற்கு மேலேயும் வைத்திருப்பது. டிக்கியில் மூட்டை ஏற்றினால் உடலின் ஆட்டம் இன்னும் நிதானமாகிக் கீழே விலகுகிறது. சக்கரத்தில் கனம் ஏற்றினாலோ படபடப்பு நிதானமாகி, மேலேயிருந்து இறங்கி நம் வயிற்றை நோக்கி வருகிறது. ஒரே கனம், இடம் மாறினால் நேர்மாறான பலன். நெய்யூர் சவாரிக்கு மரச்சீனி ஏற்றிய பெரியப்பாவுக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. அவர் ஏழாம் கிளாஸ்.

அம்பாசடரைப் பற்றி நினைவுக்காகப் பொய் சொல்லக் கூடாது. அதன் சக்கரம் ஒன்றும் பஞ்சல்ல. ஆங்கிலேயர்களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியிலிருந்து வந்த வடிவம் அது. பின்பக்கம் முழு அச்சும், நடுவில் பூசணி அளவுக்கு டிஃபரன்ஷியலும், இரண்டு பக்கமும் இலைவில்லுமாக அத்தனையும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கிய கனம். காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் குதித்ததற்கு அதுவே காரணம். ஆனால் பதினைந்து இன்ச் ரிம்மைச் சுற்றி உயரமான ரப்பர் இருந்தது. அந்த டயரின் பக்கச்சுவர் ஒரு சாண் இல்லாவிட்டாலும் அரைச் சாணைத் தாண்டும். அதற்குள் இருந்த காற்றுதான் எங்கள் முதல் ஸ்பிரிங்.

காற்றின் அருமை எங்கள் பாட்டாவுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் காலத்தில் நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு வாழைக்குலை போனது இரும்புப் பட்டை அடித்த மரச்சக்கர மாட்டுவண்டியில். பிறகு பழைய லாரி டயர் மாட்டிய வண்டிகள் வந்தன. ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-இலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அது உலகம் முழுக்கப் பரவ, 1888-இல் டன்லப் தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்கு அதை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் மாடுகளுக்கு அது வந்து சேர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. டயர் வண்டி வந்த பிறகு குலையில் காய் நசுங்குவது குறைந்தது என்று பாட்டா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கான்கிரீட் ரோடு போட்டார்கள். பாட்டி அதை “சிமெண்டு ரோடு” என்றே கடைசிவரை சொன்னாள். 1938-இல் திருவிதாங்கூர் அரசு பஸ் விட்டபோது அந்த ரோட்டில் பஸ் ஏறிப் போனது அவள் வாழ்க்கையின் பெரிய நிகழ்ச்சிகளில் ஒன்று. நான் சிறுவனாக இருந்தபோதும் தாரின் அடியிலிருந்து அந்தக் கான்கிரீட் அங்கங்கே எட்டிப் பார்க்கும். பலகை பலகையாக வார்த்த ரோடு அது. இரண்டு பலகை சேரும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. பெரியப்பாவின் கார் அதன்மேல் போகும்போது டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம் வரும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி அந்தத் தாளத்துக்கு இசைந்து ஆடத் தொடங்கும். பெரியப்பா அப்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதிப்பார், இல்லாவிட்டால் விடுவார். தாளம் கலைந்து ஆட்டம் நின்றுவிடும்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் பனச்சமூட்டிலிருந்து வெள்ளறடைப் பக்கம் மலைக்குப் போகும் டிரிப் ஜீப். ரப்பர் வெட்டுகிறவர்கள், கோழி, மண்ணெண்ணெய் டின், உலர்ந்த ரப்பர் ஷீட்டுக் கட்டு எல்லாம் அதில். ஜீப்பில் முன்னாலும் பின்னாலும் முழு அச்சு; நாலு பக்கமும் இலைவில்; பதினாறு இன்ச் சக்கரம், பல்பல்லான தடித்த டயர். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் கனத்தோடு ஒப்பிட்டால் மேலே உள்ள உடல் ஒரு தகர டப்பா. மலையேறும்போது எல்லோரும் ஏறி நெருக்கிக்கொண்டு போவதால் தெரியாது. மாலையில் காலி ஜீப்பில் இறங்கி வந்தவர்களுக்குத்தான் தெரியும். அத்தை ஒருத்தி காரக்கோணத்தில் இறங்கியதும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, “எங் குடலு எடம் மாறிப் போச்சு” என்று சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்றுவரை வழங்குகிறது. ஆனால் அந்த ரோட்டில் வேறெந்த வண்டியும் பிழைத்திருக்காது. ஜீப்பைச் செய்தவர்கள் முதுகைப் பற்றிக் கவலைப்படவில்லை; அச்சு முறியக் கூடாது என்று மட்டும் பார்த்தார்கள்.

அப்புறம் மாருதி வந்தது. 1983-இன் கடைசியில் டெல்லிப் பக்கம் ஓட ஆரம்பித்த வண்டி, எங்கள் ஊருக்கு வந்தது கல்ஃபிலிருந்து திரும்பிய ஒருவரின் வீட்டுக்கு. ஸ்டாண்டில் எல்லோரும் சுற்றி நின்று சிரித்தார்கள். பன்னிரண்டு இன்ச் சக்கரம்! பெரியப்பா சிரிக்கவில்லை. சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டு ஸ்டெப்னியை எடுத்தார். டயரோடு சேர்த்து ஒற்றைக் கையால் தூக்கி இடுப்புவரை கொண்டுவந்து, மெல்ல இறக்கி வைத்தார். “இவன் ஆள் பொடியன். ஆனா விஷயம் தெரிஞ்சவன்” என்றார்.

அவர் தீர்ப்பில் பாதிதான் சரி என்பது அந்த மழைக்காலத்தில் தெரிந்தது. சின்னச் சின்னக் கரடுமுரடில், ஜல்லி பெயர்ந்த தாரில், மாருதி ஆச்சரியப்படும்படி அமைதியாகப் போயிற்று. லேசான சக்கரம் ஒவ்வொரு கல்லுக்கும் ஏறி இறங்கிவிட்டது. ஆனால் குழி என்று ஒன்று வந்தால், அம்பாசடர் விளிம்பைத் தொட்டுத் தாண்டுகிற இடத்தில் மாருதி முழுசாக உள்ளே இறங்கும். விட்டம் சிறுத்தால் அந்த விலையைக் கொடுத்தாக வேண்டும். பெரிய சக்கரம் குழியைத் தாண்டும், லேசான சக்கரம் கல்லை விழுங்கும். இரண்டும் சேர்ந்து வேண்டுமானால் பெரிய வட்டம், மெல்லிய ரிம், அதைச் சுற்றி நிறைய ரப்பர். என் கணக்கில் சுகமான சக்கரம் என்பது அதுதான்; கண்ணுக்கு அழகான சக்கரம் அப்படி இருப்பதில்லை.

ஒரு கிளைக்கதை. அந்நாளில் ரோட்டோரத்தில் நாங்கள் ஈயம் பொறுக்குவோம். சக்கரத்தைச் சமன் செய்வதற்காக ரிம்மின் விளிம்பில் தட்டி மாட்டும் சின்ன ஈயக் கட்டிகள், குழியில் விழுந்து எழும்போது கழன்று தெறிக்கும். அமரவிளை வளைவில் அதிகம் கிடைக்கும். பொழியூர்ப் பக்கம் மீன் பிடிக்கிறவர்கள் உருக்கி வலைக்கு வைப்பதற்கு வாங்கிக்கொண்டு மிட்டாய்க்குக் காசு தருவார்கள். இத்தனூண்டு ஈயம் அத்தனை பெரிய காருக்கு எதற்கு என்பது என் அடுத்த புதிர். பாலிடெக்னிக்கில் அதற்கும் விடை கிடைத்தது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ரிம்மின் விளிம்பில் 20 கிராம் வித்தியாசம் இருந்தாலே, சுழற்சியில் அது ஏறத்தாழ இரண்டு கிலோ எடையளவு விசையாகச் சக்கரத்தை இழுக்கும். அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பதினோரு பன்னிரண்டு சுற்றுச் சுற்றும். மேலே சொன்ன படபடப்பும் அதே எண்தான். இரண்டும் ஒத்துப்போவதால்தான் சமன் தவறிய காரில் எழுபது, எண்பதைத் தொடும்போது ஸ்டியரிங் நடுங்கி, அதைத் தாண்டினால் அடங்கும். எங்கள் ஊர்க் குழியில் அன்று நாங்கள் பொறுக்கிய ஒவ்வொரு கட்டிக்கும் எங்கோ ஒரு ஸ்டியரிங் நடுங்கியிருக்கும். ஈயம் நஞ்சு என்பதால் ஐரோப்பாவில் 2005-இல் புதுக் கார்களுக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். துத்தநாகமும் இரும்பும் வந்துவிட்டன. கையில் எடுத்தால் அந்தக் குளிர்ந்த கனம் இல்லை.

இனி அக்கா மகனின் கார். அவன் பாறசாலையில் கே.எல். 19 நம்பரில் பதிவு செய்து வாங்கியபோது அதில் பதினாறு இன்ச் இரும்புச் சக்கரம் இருந்தது. ஓணத்துக்கு நான் போயிருந்தபோது அந்தக் காரில்தான் பூவாறு வரைக்கும் போய்வந்தோம். அக்காவுக்கு முதுகுவலி உண்டு, ஆனாலும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது பதினெட்டு இன்ச் அலாய் மினுங்கியது. டயரின் பக்கச்சுவர் நான்கு விரல் அகலத்துக்கு மெலிந்திருந்தது. அக்கா முன்சீட்டில் ஒரு தலையணை வைத்திருந்தாள்.

“மாமா, அலாய்னா வெயிட் குறைவுதானே? அலுமினியமில்லா?” என்றான்.

அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதில் பொய் இல்லை. ஆனால் வார்த்தெடுக்கும் அலுமினியம் இரும்புத் தகட்டைப்போல வலுவானது அல்ல. ஆகவே தடிமனாக வார்க்கிறார்கள். அளவு ஒன்றாக இருந்தால் கொஞ்சம் குறையலாம், சில சமயம் குறையாமலும் போகலாம். அளவை இரண்டு இன்ச் கூட்டி, அகலத்தையும் கூட்டினால், குறைந்ததெல்லாம் திரும்பி வந்துவிடும், மேலும் ஏறும். டயரோடு சேர்த்து அந்தச் சக்கரம் இருபது கிலோவைச் சுலபமாகத் தாண்டும். அடித்து உருவாக்கிய அலாயும், பந்தயக் கார்களில் ஓடிய மக்னீசியமும் வேறு சாதி. அவற்றின் விலையில் எங்கள் ஊரில் பழைய கார் ஒன்று வாங்கலாம். கனம் கூடியது ஒரு பக்கம், காற்றுக்கு இருந்த இடம் குறைந்தது மறுபக்கம். முன்பு ரப்பரே விழுங்கிய கல்லை எல்லாம் இப்போது ரிம்மும் ஸ்பிரிங்கும் அக்காவின் முதுகும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஆசை அவன் ஒருவனுடையது அல்ல. கேரளத்தில் கார் வாங்கிய இளைஞன் முதலில் மாற்றுவது சக்கரத்தை. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பே கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். அதற்குப் பிறகு மோட்டார் வாகனத் துறையினர் பாடிக்கு வெளியே துருத்திய சக்கரங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். அபராதத்துக்குப் பயந்து அலாயைக் கழற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். முதுகுக்குப் பயந்து கழற்றியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

கம்பெனிகளையும் விட்டுவிட முடியாது. பத்திருபது வருடங்களாக ஒவ்வொரு புது மாடலிலும் சக்கரம் ஒரு இன்ச் வளர்கிறது. பார்ப்பதற்கு வண்டி எடுப்பாக இருக்கும், பெரிய டிஸ்க் பிரேக்குக்கு இடம் கிடைக்கும், வளைவில் பிடிப்பு கூடும். இதெல்லாம் நல்ல காரணங்கள்தாம். ஆனால் அதே காரின் அடிப்படை மாடலையும் உச்ச மாடலையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால், கூடுதலாக இரண்டு மூன்று லட்சம் கொடுத்து நாம் வாங்குவதில் ஒன்று கொஞ்சம் கூடுதல் அதிர்வு என்பது தெரியும்.

இப்போது ஸ்டாண்டில் அம்பாசடர் இல்லை. உத்தரபாராவில் 2014-இல் கடைசி வண்டி வெளிவந்து கதவைச் சாத்திவிட்டார்கள். ஊரில் பெண்களும் பென்ஷன்காரர்களும் மின்சார ஸ்கூட்டரில் போகிறார்கள். அதிலும் பழைய கதை புது வடிவில் திரும்பியிருக்கிறது. மோட்டாரைப் பின்சக்கரத்துக்கு உள்ளேயே வைத்துவிட்ட வண்டிகள் நிறைய. செய்வது எளிது, செலவும் குறைவு. ஆனால் காந்தமும் செம்புச்சுருளும் சேர்ந்த கனம் முழுக்க ஸ்பிரிங்குக்குக் கீழே போய்விடுகிறது. பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஓசூரில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏதர் போன்ற கம்பெனிகள் மோட்டாரை மேலே வைத்து, பெல்ட் வழியாகச் சக்கரத்தைச் சுற்றுவது இதையும் எண்ணித்தான் இருக்கும். இந்தச் சிக்கல் இன்றையது அல்ல. 1900-இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே பாரிஸ் கண்காட்சிக்குக் கொண்டுபோன மின்சாரக் காரிலும் மோட்டார் சக்கரத்துக்குள்தான் இருந்தது. நூற்று இருபது வருடம் கழித்தும் பொறியாளர்கள் அதே கனத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

கரமனையிலிருந்து களியக்காவிளை வரை ரோட்டை அகலப்படுத்தும் வேலை பிராவச்சம்பலம் தாண்டிக் கொடிநடை வரை முடிந்துவிட்டது. அங்கே பதினெட்டு இன்ச் என்ன, இருபது இன்ச்சிலும் போகலாம். நெய்யாற்றின்கரைக்கு இப்பால் அப்படியல்ல. தனுவச்சபுரம், காரக்கோணம், வெள்ளறடை ஊர் ரோடுகளில் ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு குழி. இங்கே ஓட்டுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. கார் வாங்கும்போது சன் ரூஃபைத் திறந்து மூடிப் பார்ப்பதற்கு முன்னால், கனமான சக்கரம் உள்ள மாடலையும் லேசான சக்கரம் உள்ள மாடலையும் இதே ஊர் ரோட்டில், வீட்டில் வயதானவர் ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். அலாய் கட்டாயம் வேண்டும் என்றால் கம்பெனி கொடுத்த அளவிலேயே வாங்குங்கள். கடைக்காரரிடம் தராசில் வைத்து எடை காட்டச் சொல்லுங்கள், பழையதைவிடக் கூடினால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். மிஞ்சும் காசை நல்ல டயருக்கும், தேய்ந்துபோன ஷாக் அப்சார்பரை மாற்றுவதற்கும் செலவழிக்கலாம். அக்கா மகன் பழைய பதினாறு இன்ச் சக்கரங்களை விற்கவில்லை, மாட்டுத் தொழுவத்தில் அடுக்கி வைத்திருக்கிறான். அதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.